முட்டைக்கார லிங்கும் பச்சைக் குழாயும்

லிங் தக் சூன் முப்பத்தோரு வருடம் முட்டை விற்றார். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, ஆயர் தாவார் சந்தை, சித்தியவான் காப்பிக் கடைகள் எல்லாம் முடித்து, பதினோரு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். வண்டி எண்ணூற்றைம்பது சிசி சின்ன கார். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, முட்டை அட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருப்பார். அந்த வண்டி குலுங்கி யாரும் பார்த்ததில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தால், கையை வெளியே நீட்டி முந்திப் போகச் சொல்வார். ரோட்டில் யாரையும் திட்டியதில்லை. திட்டெல்லாம் வீட்டில்தான். அதுவும் யாராவது எதையாவது வீணாக்கினால் மட்டும்.

நானும் அவரிடம் முட்டை வாங்கியவள். விரிசல் விட்டதைத் தனியாக எடுத்து வைத்து, "இத இன்னிக்கே பொரிச்சிடுங்க மிஸி, நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லித்தான் கொடுப்பார். எங்கள் ஊரில் தாதிகள் எல்லோருக்கும் மிஸி என்றுதான் பெயர். அரசு மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. பக்கவாதம் வந்தவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, கை கால் நீட்டி மடக்கி, விழுங்கப் பழக்கும் வேலையை அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் லிங் என் கைக்கு வந்தார்.

சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள் பகலில் அவருக்கு அது வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

"தொண்ணூத்தேழு."

கஞ்சி வேண்டுமென்றாலும் தொண்ணூற்றேழுதான், கஞ்சி போதுமென்றாலும் தொண்ணூற்றேழுதான். திருப்பிப் படுக்க வை, மின்விசிறியைக் குறை, கோயில் பாட்டை நிறுத்து, எல்லாமே அந்த எண்தான். இப்படி ஒரே சொல் நாக்கில் ஒட்டிக்கொள்வதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எதற்கெடுத்தாலும் செவ்வாய்க்கிழமை என்பார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் கதவு, கதவு என்றே இரண்டு வருடம் இருந்தார். அவருக்குக் கதவு தேவைப்படவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் குரலையும் கையையும் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லிங் இழுத்துச் சொன்னால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வெட்டிச் சொன்னால் போதும் என்று அர்த்தம். இரண்டு வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அவர் மனைவி போ இங் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது பெட்ரோல்.

காரணம் இருந்தது. அடைப்பு வந்த அன்று, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மகன் வெஸ்லி, அப்பாவை அவர் காரிலேயே உட்காரவைத்து எண்ணெய் போடக் கூட்டிப் போனான். பெருநாள் அல்லவா, அப்பாவின் வண்டிக்கும் நல்லதாக ஏதாவது கொடுப்போம் என்று, தன் பெரிய காருக்குப் போடும் விலை கூடின தொண்ணூற்றேழாம் எண் பெட்ரோலையே இதற்கும் போட்டான். அவன் அதற்கான பச்சைக் குழாயைத் தூக்கியபோது, லிங் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தொண்ணூத்தேழு! தொண்ணூத்தேழு!" என்று கத்தினார். அப்பாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வெஸ்லி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். போட்டு முடித்து உள்ளே வந்து உட்கார்ந்தால், அப்பாவின் வாய் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனான். பலர் வீட்டுக்குக் கொண்டுவந்து தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த விஷயத்தில் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போ இங் அறுபது வயதில் லைசென்ஸ் எடுத்தவள். ஆனால் எடுத்ததோடு சரி. வண்டியை லிங் எங்கே சர்வீஸ் செய்கிறார், எந்த எண்ணெய் போடுகிறார் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. இப்போது, பின்னிருக்கையைத் திரும்ப மாட்டிய அதே வண்டியில், வாரம் இரண்டு முறை அவரைப் பயிற்சிக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வாரம் ஒரு முறை எண்ணெய். ஒவ்வொரு முறையும் பச்சைக் குழாய்.

ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு கலவரம். லிங் டாஷ்போர்டைக் குத்துவார், கத்துவார், கழுத்து நரம்பு புடைக்கும். செப்டம்பரில் ஒரு நாள், அவள் எண்ணெய் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும், கையிலிருந்த குடையை வீசினார். உதடு கிழிந்து இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று.

"அந்த வாசன வந்தா அவருக்கு அன்னிக்கி நடந்ததெல்லாம் ஞாபகம் வருது மிஸி. நான் இப்ப ஜன்னல முழுசா மூடிட்டுத்தான் எறங்குறேன்" என்றாள் போ இங், வீங்கிய வாயோடு.

வெஸ்லி வேறு மாதிரி நினைத்தான். அப்பாவின் மூளை கெட்டுக்கொண்டு போகிறது, அம்மா தனியாக இருக்கிறாள், இன்று உதடு, நாளை கண். டாக்டர் சாந்தப்படுத்த ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் லிங் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப் போனார். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவார் என்று நான் சொன்னதால் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு வெஸ்லி ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தான். அக்டோபர் முதல் திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

"அங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள் போ இங்.

"பாத்துக்குவாங்க. ஆனா இவரு தொண்ணூத்தேழுன்னு சொன்னா என்னான்னு அங்க யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தத் திங்களுக்கு முந்திய வியாழக்கிழமை. லிங்கைப் பயிற்சியில் விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் வண்டியை ஈப்போ பயணத்துக்குச் சரிபார்க்கலாம் என்று போ இங் கிளம்பினாள். துணைக்கு என்னையும் அழைத்தாள். அஸ்மானின் பட்டறை மருத்துவமனைக்குப் பின் தெருவில்தான். லிங்கின் வண்டிக்கு அவர்தான் பதினெட்டு வருடமாக மெக்கானிக்.

"என்ன ஆண்ட்டி, வண்டிக்கு?"

"மேட்டுல ஏறும்போது விக்குது அஸ்மான். தொண்ணூத்தேழு போட்டும் விக்குது."

பானெட்டைத் தூக்கப் போன அஸ்மான் அப்படியே நின்றார். "எத போட்டும்?"

"தொண்ணூத்தேழு. எட்டு மாசமா அதான் போடுறேன்."

"இதுக்கா? இந்த வண்டிக்கா?" அஸ்மான் காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "ஆண்ட்டி, கோழிக்குப் போயி, பணக்காரங்க குடிக்கிற பறவைக்கூடு சூப்பு ஊத்திருக்கீங்க."

"வெலை கூடின எண்ணெய் நல்லதுதான?"

"கூடின வெலைக்கு வேற சங்கதி இருக்கு. தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தேழுங்கறது எண்ணெயோட பலம் இல்ல. இன்ஜின் உள்ள எண்ணெயும் காத்தும் சேத்து நசுக்கும் பாருங்க, அப்ப பொறி வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுத் தானா பத்திக்கக் கூடாது. எவ்வளவு நசுக்குனாலும் பொறுமையா இருக்குமோ அதுக்குத்தான் அந்த நம்பரு. உங்க மவன் காரு இருக்கே, அது போட்டுக் கசக்கும். அதுக்கு வேணும். இது தலகாணிய அமுக்குற மாதிரி அமுக்குது. தொண்ணூத்தஞ்சே இதுக்கு அதிகம்."

"ஆனா இப்பல்லாம் வண்டி லேசா ஓடுதே? முன்னாடி அவரு ஓட்டும்போது இப்படி ஓடல."

அஸ்மான் சிரித்துவிட்டார். "அப்பல்லாம் பின்சீட்டு எடத்துல ரெண்டாயிரம் முட்டை இருந்துச்சு ஆண்ட்டி!"

எனக்கும் சிரிப்பு வந்தது. போ இங்குக்கு வரவில்லை. அஸ்மான் காற்று வடிகட்டியை உருவி எடுத்துத் தட்டினார். தூசி, முட்டை அட்டையின் சாம்பல் நிறப் பொடி, நடுவில் ஒரு கோழி இறகு. ஸ்பார்க் பிளக்குகள் கருகிப் போயிருந்தன. "இதான் விக்கல். நாப்பது நிமிசத்துல சரி பண்ணிடுறேன்" என்று குனிந்தவர், குனிந்தபடியே பேசினார்.

"நம்ம லிங் தவுக்கேக்கு மட்டும் இது தெரிஞ்சுதுன்னா வைங்க, படுக்கையில இருந்தே எந்திரிச்சு வந்துடுவாரு. ஒரு தடவ நான் டெஸ்ட் ஓட்டப் போனப்ப, நெலையத்துல தொண்ணூத்தஞ்சு தீந்து போச்சுன்னு அஞ்சு வெள்ளி காசுக்குத் தொண்ணூத்தேழு போட்டுட்டேன். மூணு மாசம் என்கிட்ட பேசல. தொண்ணூத்தஞ்சு வர்ற மஞ்சக் குழாய விட்டு அவரு கை நகராது. அதையும் உதறி உதறி, கடைசிச் சொட்டு விழுந்தாத்தான் மூடுவாரு. பின்னால நிக்கிறவன் அழுதுடுவான்."

"மனுசன் மாறக்கூடாதா?" போ இங்கின் குரல் சட்டென்று ஏறியது. "அவரு வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். முப்பத்தெட்டு வருசத்துல எனக்கு இது வேணும்னு எதையும் கேட்டதில்ல. அத நான் போடக்கூடாதா?"

அஸ்மான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது என்று எட்டு மாதமாக நான் உறுதியாக இருந்தேன். போ இங்கோ, அதற்கு ஒரே பொருள்தான் என்று உறுதியாக இருந்தாள். எண்ணெய் நிலையத்தில் அவர் என்ன குரலில் சொல்கிறார் என்று நான் ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை. முட்டைக்காரரின் படுக்கை வரை வந்தவள், கார் வரை போகவில்லை. இது என் வேலையில் நான் விட்ட ஓட்டை.

"நான் இன்னிக்கி நேரா வீட்டுக்குப் போகல. அவரக் கூட்டிட்டு எண்ணெய் போடப் போவம். நான் பின்னால உக்காந்துக்குறேன்" என்றேன்.

"இன்னிக்கா? டேங்குல பாதி இருக்கு மிஸி."

"பாதி போதும். ஜன்னல மூடாத."

அஸ்மான் வேலையை முடித்ததும் மருத்துவமனைக்குப் போய் லிங்கைக் காரில் ஏற்றினோம். முதலில் இருக்கையில் உட்காரவைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். எல்லோரும் காலைத்தான் முதலில் இழுப்பார்கள். பயிற்சி முடிந்த களைப்பில் அவர் அமைதியாக இருந்தார். குடையை எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். நிலையத்துக்குள் திரும்பியபோதும் அமைதிதான். பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. அவருடைய முகம் மாறவில்லை. காரணம் வாசனை இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

போ இங் கவுண்டரில் பணம் கட்டிவிட்டு வந்தாள். எண்ணெய் மூடி இடது பக்கம். லிங் இடது பக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் திறந்தாள். ஒன்றுமில்லை. அவள் கை பச்சைக் குழாயைத் தூக்கியது.

"தொண்ணூத்தேழு! தொண்ணூத்தேழு!"

இடது கை டாஷ்போர்டில் இறங்கியது. அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. இழுவையும் இல்லை, வெட்டும் இல்லை. கடைசி எழுத்தில் ஏறி நின்றது. சந்தையில் யாரோ விரிசல் முட்டையை நல்ல விலைக்கு விற்பதைப் பார்த்துவிட்ட ஆளின் குரல். தொண்ணூற்றேழா? இதற்கா?

"போ இங், அத வெச்சிடு. மஞ்சள எடு."

"மிஸி, அவரு கேக்குறாரே..."

"கேக்கல. எடு."

அவள் பச்சையை மாட்டிவிட்டு மஞ்சளை எடுத்தாள். ஓங்கியிருந்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, தொடையில் விரிந்து கிடந்தது. "தொண்ணூத்தேழு" என்றார். ஒரு வேலை முடிந்த பிறகு சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில்.

ஒரு தடவை நடந்ததை நான் நம்புவதில்லை. "மறுபடியும் பச்சையத் தூக்கு" என்றேன். தூக்கினாள். குத்து விழுந்தது. "மஞ்சள்." கை இறங்கியது. "பச்சை." குத்து. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரன், "ஆண்ட்டி, எண்ணெய் போட வந்தீங்களா, கொடி காட்ட வந்தீங்களா?" என்று கத்தினான். லிங் கண்ணாடியில் அவனைப் பார்த்து, வாயின் ஒரு பாதியால் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போ இங் குழாயும் கையுமாக ஜன்னலருகே வந்து குனிந்தாள். "எட்டு மாசமா என்னத் திட்டிட்டா இருந்த?"

"தொண்ணூத்தேழு" என்றார் லிங், தலையை ஆட்டிக்கொண்டு.

"கஞ்சப் பிசினாறி! நான் சாமிக்குப் படைக்கிற மாதிரி ஊத்திக்கிட்டிருந்தேன். ஒதட்ட வேற கிழிச்ச!" என்று சொல்லி, தைத்த உதடு வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு அழுதாள். கொஞ்ச நேரம்தான். மோட்டார் சைக்கிள்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி விக்கவில்லை. ஆயர் தாவார் மேட்டிலும் விக்கவில்லை. ஆனால் பாதி வழியில் போ இங்கின் முகம் மாறிற்று. "அப்ப அன்னிக்கி வெஸ்லியத்தான் திட்டிருக்காரு. அவன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

"நான் சொல்றேன்" என்றேன்.

வெஸ்லி ஞாயிற்றுக்கிழமை வந்தான், பெட்டி கட்டிக் கொண்டுபோகத் தயாராக. உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த இடத்தில்தான் வந்து நின்றான்.

"அப்ப என்னாலதானா, மிஸி ஆண்ட்டி? நான் அதப் போடாம இருந்திருந்தா, அவரு அப்படிக் கத்தாம இருந்திருந்தா..."

"பெட்ரோலாலெல்லாம் பக்கவாதம் வராது. அவரு மேசை இழுப்பறையில பிரஷர் மாத்திர ரெண்டு மாசத்துக்கு உடைக்காம அப்படியே கெடந்துச்சு. புத்தாண்டு வியாபாரத்துல போட மறந்திருக்காரு. அன்னிக்கி நீ பக்கத்துல இல்லன்னா சந்தையிலயே விழுந்திருப்பாரு. ரெண்டாயிரம் முட்டைக்கு மேல."

அவன் முகத்தைக் கைகளால் துடைத்தான். "நெசமாவா?"

"நான் ஆறுதலுக்குப் பொய் சொல்ற ஆளா? மாத்திர அட்டைய அம்மாகிட்ட கேளு, காட்டுவா."

காட்டினாள். அவன் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய், "டாடி, வாங்க, எண்ணெய் போட்டுட்டு வருவோம்" என்றான்.

தன் கண்ணால் பார்க்காமல் அவன் ஒரு முடிவுக்கும் வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் போலத்தான். டேங்கில் இடமே இல்லை, இருந்தாலும் போனோம். நானும் போ இங்கும் பின்னிருக்கையில். வெஸ்லி இறங்கினான். பச்சைக் குழாய்ப் பக்கம் கையை நீட்டி, ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தான்.

"தொண்ணூத்தேழு!" என்று டாஷ்போர்டில் ஒரு குத்து.

வெஸ்லி கையைப் பின்னுக்கு எடுத்து, மஞ்சளைத் தூக்கினான். லிங் இருக்கையில் சாய்ந்துகொண்டார். இரண்டே லிட்டர்தான் போயிற்று. அவன் குழாயை உருவப் போனபோது லிங் மறுபடியும் நிமிர்ந்தார். "தொண்ணூத்தேழு, தொண்ணூத்தேழு" என்று படபடத்து, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மேலும் கீழும் உதறினார். வெஸ்லிக்குப் புரியவில்லை. கை பதறுவதைப் பார்த்து மறுபடி ஏதோ வந்துவிட்டது என்று பயந்து என்னைப் பார்த்தான்.

"ஒதறச் சொல்றாருடா" என்றாள் போ இங். "கடைசிச் சொட்டு."

வெஸ்லி உதறினான். லிங் இன்னும் உதறு என்று காட்டினார். மூன்று, நான்கு, ஐந்து தடவை. இறுதியில் கையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலை ஏற்றச் சைகை காட்டினார். வெஸ்லி குழாயை மாட்டிவிட்டு, வண்டியில் ஏறாமல் நிலையத்தின் ஓரத்துக்குப் போய் கைபேசியை எடுத்தான். ஈப்போவுக்குப் பேசினான் என்பது, அவன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டதிலிருந்து தெரிந்தது.

லிங் அதற்குப் பிறகு நான்கு வருடம் தன் வீட்டிலேயே இருந்தார். வேறு சொல் எதுவும் திரும்பி வரவில்லை. யாரையும் அடிக்கவும் இல்லை. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் சிவப்பு அரிசி ஒயினில் வேகவைத்த மீ சுவா என்ற மெல்லிய சேமியா, இரண்டு முட்டையோடு. முட்டை விரிசல் விட்டதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். கடைசியில் நிமோனியா. ஒரு வியாழக்கிழமை காலை, தன் கட்டிலில், நான் அவர் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

வண்டி இன்னும் ஓடுகிறது. போ இங்தான் ஓட்டுகிறாள், வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறாள். போன வாரம் என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போகும் வழியில் எண்ணெய் போட நிறுத்தினாள். மஞ்சளை எடுத்து, போட்டு, ஐந்து தடவை உதறினாள். பின்னால் மூன்று கார் காத்திருந்தது.